மேகக் கடலின் ஓரத்துச் சின்னக் குழி

மாப்ள, நிலாவுல நம்ம குழி இருக்குடா, நேத்து ஏழு மணிக்கு என் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேன், நீ வரைஞ்ச அதே இடம், அதே நிழல்!

தொலைநோக்கியின் வாயிலிருந்து தூக்குவாளி மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பிவிசி பசை வாசனை அடித்தது. நான்கு மாதம் ஆகியும் போகவில்லை. நீ குழாயை அறுத்து ஒட்டிய அன்று அளவெடுத்ததுபோல் பொருந்தியது உன் வீட்டுத் தூக்குவாளி மூடி மட்டும்தான். உன் அம்மா ஒரு வாரம் சாம்பாரைத் தட்டு போட்டு மூடினார்.

நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்து, வானம் பார்ப்பவர்களின் இந்த வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கி, அப்படித்தான் நிலாவைக் கற்றோம். நாகமலை புதுக்கோட்டையில் உன் மொட்டை மாடிக்கு முழு வானம். எனக்கு எங்கள் தெருவின் இரண்டு சுவர்களுக்கு நடுவே வேட்டி அகலம்தான் தெரியும். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், இப்போதும் அப்படித்தான். அம்மா ஜவுளிக்கடையிலிருந்து திரும்ப ஒன்பது ஆகும். அதுவரை அப்பாவின் குரல் கேட்காத தூரத்துக்கு நான் போக முடியாது. நீ சிரித்தாய்: "உனக்கு வானம் இல்ல மாப்ள. வானத்துல ஒரு சந்து."

அந்தச் சந்தில் நிலா நாற்பது நிமிடம் நிற்கும். பிறகு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடும்.

அரை நிலாவுக்கு மறுநாள் நீ அந்தக் குழியை வரைந்தாய். மேகக் கடல் என்கிற கருஞ்சமவெளியின் ஓரம். கடல் என்று பெயர்தான், பார்த்தால் கோடையில் வற்றிய கண்மாய். எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த தரை. அதில் கண்மாய்க் கரைபோல ஒரு தாழ்ந்த மேடு வளைந்து போகிறது. மேட்டுக்குக் கீழே உன் குழி. பெயர்கூட இல்லாதது. பெரிய குழிகளைப்போல நடுவில் மலை இல்லை, படிக்கட்டுச் சரிவும் இல்லை. சுத்தமான கிண்ணம். பாதிக் கிண்ணம் மை இருட்டு, எதிர்ச்சுவரில் நகக்கீறல் அளவு வெளிச்சம். "புழுதில மொத மழைத்துளி விழுந்த மாதிரி இருக்கு மாப்ள," என்று போனில் சொன்னாய். "ஆனா அங்க காத்து கிடையாது. விழுந்த தடம் விழுந்ததுதான்."

படத்தைக் குழுவில் போட்டாய். வரைபடத்தில் அந்த இடத்தில் குழி இருப்பது எல்லோருக்கும் தெரியும். பிவிசி குழாயில் அம்புட்டுச் சின்னது தெரியாது, வரைபடத்தைப் பார்த்து வரைந்துவிட்டான் என்றார்கள். தூக்குவாளித் தம்பி என்று பட்டப்பெயர் வேறு. உனக்குப் பெயர் முக்கியமில்லை. பொய்யன் என்றதுதான் தாங்கவில்லை.

மறுநாளே குழாயைப் போர்வையில் சுற்றி டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தாய். சாட்சி சொல்ல நான். வரும்போதே சொன்னாய்: "ஒரு நாள் தள்ளிப்போச்சு. சூரியன் அங்க மேல ஏறிருக்கும், நிழல் சுருங்கிருக்கும். பொறுமையாப் பாரு." நிலா சந்துக்குள் வந்தது. நான் கண்ணை வைத்தேன். அப்பா தண்ணீர் கேட்டார். திரும்பி வந்து பார்த்தேன். மறுபடி கூப்பிட்டார், படுக்கை நனைந்திருந்தது. துடைத்து, துணி மாற்றிவிட்டு வந்தபோது நிலா தொட்டிக்குப் பின்னால் போயிருந்தது. பஸ்ஸில் கூட்டம் நெரியும் என்று தொலைநோக்கியை என்னிடமே விட்டுப் போனாய்.

அன்றே குழுவில் கேட்டார்கள். எனக்கு யார் மேலோ கோபம். அப்பாவின் மேலா, அந்த வீட்டின் மேலா, தெரியாது. "நானும் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதினேன். அறுபது பேர் சிரித்தார்கள்.

நீ எனக்குத் தனியாக ஒரே வரி அனுப்பினாய். "ஏழு நிமிசம் பாத்ததுக்கு இம்புட்டு உறுதியா எழுதிட்டியே மாப்ள." பிறகு குழுவிலிருந்து வெளியேறினாய். நாளைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று இருந்தேன். மூன்றாவது வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள்.

அடக்கத்துக்கு நான் ஒரு மணி நேரம்தான் நின்றேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். தொலைநோக்கியைத் திருப்பித் தருவதாக உன் அக்காவிடம் சொன்னேன். "நீயே வச்சுக்க தம்பி," என்றார். "போயி வாங்கிட்டு வாடான்னேன். அவன் கூப்பிடுவான், அப்பப் போறேன்னே சொல்லிட்டு இருந்தான்."

அதே வெளிச்சம் அந்தக் குழியில் விழ இருபத்தொன்பதரை நாள் ஆகும். அந்த அரை நாளால் ஒரு மாதம் நமக்குக் காலையில் வந்து போய்விடும், நிலாவே இருக்காது. அடுத்த மாதம்தான் சாயங்காலத்தில் வரும். முதல் முறை வந்தபோது மழை மேகம். நேற்று இரண்டாவது முறை. அப்பாவிடம் முன்னாலேயே சொன்னேன், நாற்பது நிமிடம் கூப்பிடாதீர்கள் என்று. கூப்பிட்டார். இரண்டு தடவை ஓடினேன். மூன்றாவது தடவை வந்து கண்ணை வைத்தபோது கண்மாய்க் கரை தெரிந்தது, கீழே உன் கிண்ணம், நகக்கீறல் வெளிச்சம். உள்ளேயிருந்து "தெரியுதாய்யா?" என்று அப்பாவின் குழறல். தெரியுதுப்பா என்றேன்.

குழு நண்பர்களே, இந்த மடலை இங்கேதான் போடுகிறேன், என் பழைய வரிக்குக் கீழே. அதை அழிக்கவில்லை. அவன் வரைந்த படத்தையும் சேர்த்திருக்கிறேன், பகிருங்கள். நேற்றிலிருந்து ஐம்பத்தொன்பதாம் நாள் அதே நிழல் திரும்பும். மாடி இருப்பவர்கள் மாடியில், சந்து இருப்பவர்கள் சந்தில் நின்று பாருங்கள். பார்த்தவர்கள் அவன் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

தெரியாவிட்டால், எனக்குத் தெரியவில்லை என்று எழுதுங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.