மணவாள நகரிலிருந்து காலியாகப் போன வண்டி

ஜூன் 7, சனி

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போல் காட்டிவிட்டு ஏமாற்றியது.

வழக்கம்போல் திருவள்ளூரில் லோக்கல் ரயில். பேசின் பிரிட்ஜில் இறங்கி, படி ஏறி, படி இறங்கி, கும்மிடிப்பூண்டி ரயில். சென்னைக்குள் போய் மறுபடி வெளியே. கம்பெனி மாவட்டத்தின் மறுமூலையில். பஸ்ஸும் பார்த்தாயிற்று, பெரியபாளையத்தில் மாறி ஏறுவதற்குள் பாதி ஷிஃப்ட் போய்விடும்.

வேப்பம்பட்டில் அமுதாக்கா ஏறினார். ஒரே கம்பெனி, ஒரே மேஜை. பிரேக் டிஸ்க்கைச் சோதித்து சரியில்லாததை ஒதுக்குவது எங்கள் வேலை. "இன்னா ஸ்டெல்லா, இன்னிக்காவது கம்பெனி கேட்டு தொறந்திருக்குமா?"

இல்லை. எண்ணூர் தாண்டி சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு நின்றோம். போய்ச் சேருவதற்குள் கம்பெனி கேட் சாத்தியாச்சு. அரை நாள் சம்பளம் போச்சு. புதன்கிழமை எச்.ஆர். மேடம் என்னைப் பார்க்க வேண்டுமாம். இந்த மாதம்தான் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச். பிறகு சங்கரா மீன். மார்க்கெட் விலை கேட்டாலே பேஜாரு.

மீனோடு வரும்போது எங்கள் மணவாள நகர் தண்ணீர் டேங்க் பக்கத்துக் காலியிடத்தில் ஒரு வேன். கண்ணாடியில் எங்கள் கம்பெனி பெயர். டிரைவர் துடைத்துக்கொண்டிருந்தார். நாகராஜ் என்று பெயர், இரண்டு தெரு தள்ளிதான் வாடகைக்கு இருக்கிறார்.

"எங்க நைனா ஊரு பள்ளிப்பட்டும்மா. வேலைக்காக இங்க வந்துட்டேன். வண்டிய இங்கதான் உடுவேன்."

"காலைல?"

"காலியா பெரியபாளையம் போவேன். அங்க ஆளுங்கள ஏத்திக்கினு நேரா கம்பெனி."

மீன் பையிலிருந்து தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் நகரவில்லை. நான் விடிவதற்கு முன் ஸ்டேஷனுக்கு ஓடுகிற அதே தெருவழியாக, எனக்கும் பின்னால் கிளம்பி, எனக்கு முன்னால் போய்ச் சேருகிற வண்டி. காலியாக.

ஜூன் 9, திங்கள்

ரயில் சரியான நேரம். சாப்பாட்டு நேரத்தில் டிரான்ஸ்போர்ட் சாரைப் பார்த்து அந்த வேனில் ஒரு சீட் கேட்டேன். நிமிரவே இல்லை.

"ரூட்டு பெரியபாளையத்துலேர்ந்துதான்மா ஸ்டார்ட்டு. அதுக்கு முன்னாடி ஏத்த முடியாது."

"வண்டி மணவாள நகர்லேர்ந்துதான சார் வருது?"

"வண்டி வரும். ரூட்டு வராது."

திரும்பி வந்தேன். அமுதாக்கா, "வுடு ஸ்டெல்லா, வாயக் குடுத்து மாட்டிக்காத" என்றார். கோபத்தில் மத்தியானம் சாப்பிட்ட தயிர் சாதத்தின் ருசியே தெரியவில்லை.

பால் பாக்கெட், மகள் ஜென்சிக்கு ஷூ லேஸ், கேஸ் புக் பண்ண.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். என் வீட்டுக்காரர் அன்பு எனக்கு ஒரு வேலை பேசிவிட்டு வந்திருக்கிறார், பஜாரில் துணிக்கடை. "நடந்தே போலாம். கொயந்த மொகத்தயாச்சும் பாப்ப. நாளைக்குள்ள சொல்லணுமாம்." திட்டவில்லை, என் மேல் இருக்கிற அக்கறையில்தான் கேட்டார். காலையில் ஜென்சியை எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்புவதும் அவர்தான்.

யோசித்தேன். துணி மடிக்கிற கையா இது? ஒரு டிஸ்க்கை எடுத்தால் சரியா தப்பா என்று சொல்லிவிடும். அந்த மேஜையில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது.

"எனக்கு என் வேல வேணும்" என்றேன். அன்பு, "சரி. அப்ப நாளைக்கு அந்த மேடம்கிட்ட பம்மிக்கினு நிக்காத" என்றார்.

ஜூன் 11, புதன்

எச்.ஆர். மேடம். ஏ.சி. ரூம். வருகைப் பதிவை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வேலையில குறையே இல்ல. ஆனா இவ்ளோ லேட்டு. நானே உன்னை எப்படி ரெக்கமண்ட் பண்ணுவேன்?"

"லேட்டுதான் மேடம். மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா நம்ம கம்பெனி வண்டி தெனமும் எங்க ஊட்டாண்டேர்ந்து காலியா வருது. அதே நேரத்துல நான் பேசின் பிரிட்ஜுல படி ஏறிக்கினு இருக்கேன். அதுல ஒரு சீட்டு குடுங்க. அப்புறமும் லேட்டா வந்தா நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

மேடம் முகம் மாறியது. "காலியாவா? யாருகிட்டயாவது சொன்னியா?"

"டிரான்ஸ்போர்ட் சார்கிட்ட சொன்னேன். ரூட்டு வராதுன்னாரு."

போனை எடுத்தார். "ரூட் மேப் எடுத்துட்டு மேல வாங்க." என்னைப் போகச் சொல்லிவிட்டார். படியில் எதிரே டிரான்ஸ்போர்ட் சார் வந்தார். ஒதுங்கி வழிவிட்டேன். சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். திங்கள் முதல் வண்டி புறப்படும் இடம்: மணவாள நகர். டேபிளில் எல்லோரும் கை தட்டினார்கள். அமுதாக்கா திருவள்ளூர் வந்து ஏறிக்கொள்வார். எதிர்த்திசை ரயில், காலையில் ஈ காக்கை இருக்காது. "படுத்துக்கினே வரலாம்டி" என்றார். பட்டறை ஷெட்டில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் எங்கள் ஊர்ப் பக்கமாம், இவ்வளவு நாள் தெரியாது.

அன்பு பிரியாணி வாங்கி வந்தார்.

ஜூன் 16, திங்கள்

ஜென்சிக்கு நானே தலை வாரினேன். இரட்டைப் பின்னல் கோணல், அவளுக்கு அதுவே பெருமை.

நாகராஜ் அண்ணன் ஹாரன் அடித்தார். ஜன்னல் சீட். பெரியபாளையம் தாண்டி நாற்று நட்ட வயல், கொக்கு, ஆரணி ஆற்றுப் பாலம். கேட் திறந்தே இருந்தது. கேன்டீனில் சூடாக நாஷ்டா, பொங்கல். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாயங்காலம் வீடு வந்தபோது வெயில்கூட இறங்கவில்லை. ஜென்சி தெருவில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் ஒற்றைக்காலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாமா, இன்னிக்கு லீவா?"

"இல்லடி. வேலைக்குப் போய்ட்டு வந்துட்டேன்."

நம்பவில்லை. அடையாள அட்டையைக் காட்டினேன். வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அடுத்த கட்டத்துக்குத் தாவினாள்.