ஒன்பது வயதில் முடிந்தது

அன்பான உங்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதீர்கள். போனில் கதைத்தால் பக்கத்து அறையில் மாமிக்குக் கேட்கும்.

சின்ன வயதில் எங்களால் என்ன செய்ய முடிந்தது என்று இங்கிலிஷில் சொல்ல, கிளிநொச்சி வகுப்பில் இன்று பழக்கினார்கள். விசாவுக்கான பரீட்சையிலும் இதைக் கேட்பார்களாம். எல்லோரும் 'என்னால் நன்றாக நீந்த முடிந்தது' என்ற ஒரே பதிலைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். "முழு வகுப்பும் நீந்தியே லண்டன் போய்ச் சேருவம் போல, அக்கா" என்று பக்கத்தில் இருந்த கம்சா சிரித்தாள்.

என் முறை வந்தபோது பாடமாக்கியது வாயில் வரவில்லை. ஒன்பது வயதில், ஷெல் வரும் சத்தத்தை வைத்தே அது எங்கே விழும் என்று என்னால் சொல்ல முடிந்தது என்றேன். வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் படிப்பிக்கிற சேர் சரி பிழை சொல்லாமல் அடுத்த ஆளைக் கேட்டார்.

பிறகு சேர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அங்க இதைச் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளை. வீட்டில ஆர் ஆர் இருந்தவை, இப்ப எங்கயெண்டு கிண்டத் தொடங்குவினம்."

விண்ணப்பத்தில், இயக்கத்துக்குப் போய்த் திரும்பாத அண்ணாவின் பெயரை விடச் சொன்னது நீங்கள்தான். நானும் அப்படியே கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கொழும்பில் பரீட்சை. மகள் இன்னமும் போனைத் தொட்டுத்தான் அப்பா என்கிறாள். அதற்காக எத்தனை தரம் வேண்டுமானாலும் நீந்தினேன் என்று சொல்வேன். ஆனால் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல என்னால் ஏலாது. அதனால் விசா நின்றுபோனால் என்னைக் கோபிப்பீர்களா?

வெள்ளிக்கு முன் பதில் எழுதுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா