மூணாவது பிளக்கு

பெண்ணாடம்,
9.6.2024

அன்புள்ள திலீபா,

பதினேழு தடவை போன் அடித்துவிட்டேன். எடுக்க மாட்டேன் என்கிறாய். பட்டறையில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன், வேறு வழி? தபால்காரரை நீ கட் பண்ண முடியாது. அதனால்தான் காகிதம். செராமிக் காலேஜில் நாம் லேப் ரெக்கார்டு எழுதியதற்குப் பிறகு நான் பேனா பிடிப்பது இப்போதுதான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஆதிலட்சுமிக்கு வலது தொடையில் கம்பி வைத்துவிட்டார்கள். தையல் பிரித்தாயிற்று. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்ரீமுஷ்ணத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "உங்க காரு ஆசைக்கு என் காலுதான் கெடச்சுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு மேல் என்னோடு பேச்சில்லை.

அவள் கேட்டது நியாயம்தான். காருக்கு டர்போ போட வேண்டும் என்று காலேஜ் நாளிலிருந்து குதித்தவன் நான். வேப்பூர் தாண்டி அந்த லாரியை முந்த ஆக்ஸிலேட்டரை மிதித்தவனும் நான். ஒரு தடவைதான் மிதித்தேன், முழுசாக. படார் என்று சத்தம் கேட்டது. இன்ஜின் இறுகி வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த பஸ் ஆதி உட்கார்ந்திருந்த பக்கம் மோதிவிட்டது.

டர்போ மாட்டிச் சாவியைக் கொடுக்கும்போதே நீ சொன்னாய், "இன்ஜின நாலாயிரம் சுத்துக்கு மேல ஏத்தாதடா" என்று. எனக்குத்தான் காது இல்லாமல் போயிற்று.

இன்ஜினைப் பிரித்தாயா? உள்ளே என்ன ஆனது என்று எழுது. தேற்றுவதற்காக எதையும் சொல்லாதே. என் தப்பு எவ்வளவு என்று தெரிந்தால் அதைச் சொல்லியாவது அவளிடம் மன்னிப்புக் கேட்பேன்.

உன்,
சேரா


விருத்தாசலம்,
19.6.2024

அன்புள்ள சேரா,

போனில் ஸ்பீக்கர் போய்விட்டது. மாற்ற நேரமில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இன்ஜினைப் பிரித்தேன். மூணாவது பிஸ்டனின் ஓரம் உருகிப்போயிருக்கிறது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் சூடு ஏறிப் பிஸ்டனைத் தின்றுவிடும். சர்க்கரை ஆலையில் பாய்லர் செங்கல் பார்க்கிற உனக்குச் சூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? பெட்ரோலைக் கூட்ட நாம் வைத்த பெட்டியின் தெம்பு அவ்வளவுதான். அதனால்தான் நாலாயிரம் என்று சொன்னேன்.

ஆனது ஆச்சு. உன்னையே நீ அரித்துக்கொள்ளாதே. வேறு இன்ஜின் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். நானே இறக்கித் தருகிறேன், நீ ஒன்றும் தர வேண்டாம். தங்கச்சியை ஒரு நாள் வந்து பார்க்கிறேன். இந்த வாரம் முடியாது.

வேளைக்குச் சாப்பிடு.

திலீபன்


பெண்ணாடம்,
8.7.2024

அன்புள்ள திலீபா,

கடிதம் கிடைத்தது. சின்னதாக இருந்தாலும் நீ எழுதியதே எனக்குப் பெரிய ஆறுதல். இன்ஜின் வேண்டாம். இனி ஸ்டியரிங் தொடுவதில்லை என்று பூவராகர் சன்னதியில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஸ்ரீமுஷ்ணம் போகிறேன். மாமியார் "வாங்க மாப்ள" என்று காபி கொடுக்கிறார். உள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. ஆதி வாக்கரை ஊன்றி நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நேற்று மாமியார் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "இனி வூடு இங்கதான்னு சொல்லுறா மாப்ள. இந்த ஊரு ஸ்கூலுக்கே மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டா" என்றார். நான் கதவுக்கு வெளியே நின்று, "ஒரே ஒரு தடவைதான் ஆதி மிதிச்சேன்" என்று கெஞ்சினேன். உள்ளேயிருந்து பதில் வந்தது. "மெதுவாப் போகச் சொன்னேன்னு திலீபண்ணனே சொன்னாரு. அவரு பொய் சொல்லுவாரா?"

உன்மேல் எனக்கு வருத்தமில்லை. நடந்ததைத்தானே சொன்னாய்.

ஒன்று தெரியுமா? சாவி கொடுத்த அன்று நீ இன்ஜினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாயே, அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. "என்னடா, வெள்ளை வெளேர்னு இருக்குது?" என்று கேட்டேன். "நம்ம ஊரு பீங்கான்டா, நல்லா வெந்திருக்குது" என்றாய். காலேஜ் சூளை முன்னால் நிற்கிற மாதிரி இரண்டு பேரும் எப்படிச் சிரித்தோம்! அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லையடா.

உன்,
சேரா


விருத்தாசலம்,
13.7.2024

சேரா,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இனி மறைத்தால் நான் மனுஷனில்லை.

டர்போவுக்குப் பெட்ரோல் கூட்ட இரண்டு வழி இருந்தது. காரின் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு வேறொன்று வைத்து, எந்தச் சுற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முழுக்க நாமே எழுதுவது ஒன்று. பழைய கம்ப்யூட்டரை விட்டுவைத்து, நடுவில் சின்னப் பெட்டி ஒன்றைச் சொருகி, காற்றின் அளவைத் திரித்துச் சொல்லி அதை ஏமாற்றுவது இன்னொன்று. நீ முதல் வழியைத்தான் கேட்டாய். "கொசு அடிக்கப் பீரங்கியாடா?" என்று கிண்டல் செய்து உன் வாயை அடைத்தேன். உண்மையில் எனக்கு அந்த வேலை தெரியாது. "திலீபன் கை வச்சா செத்த இன்ஜினும் எழுந்திரிக்கும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறவன் நீ. உன் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெட்டியாவது ஒழுங்காக வைத்தேனா என்றால் அதுவுமில்லை. பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் பழையதே. அது முழுசாகத் திறந்தாலும் டர்போவுக்குப் பத்தாது.

பிளக்கின் பீங்கான் மூக்கு பால் அதிகம் விட்ட டீ நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு. மூணாவது பிளக்கில் வெள்ளைமேல் மிளகுத்தூள் மாதிரி புள்ளிகளும் இருந்தன. பிஸ்டன் உதிர ஆரம்பித்ததற்கு அது அடையாளம். பார்த்தேன். எனக்கு அப்போதே தெரிந்தது. திருச்சியில் உன் மச்சினி வளைகாப்புக்கு நேரமாகிறது என்று ஆதி வண்டியிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுல போயிட்டு வாங்கடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புள்ளிகளைத் துணியால் துடைத்துவிட்டு உன்னைச் சிரிக்கவைத்தேன். வெள்ளையாக வெந்தால் நல்ல சரக்கு என்று படித்தவன் நீ. அதைச் சொன்னால் நம்புவாய் என்று எனக்குத் தெரியும்.

நாலாயிரம் என்றதும் உன்னைக் காக்க இல்லை, நான் தப்பிக்க. மாட்டுவண்டி மாதிரி ஓட்டியிருந்தாலும் அந்த இன்ஜின் திருச்சி போய்ச் சேர்ந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் ஆதி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டாள். நீ சட்டையெல்லாம் ரத்தமாகச் சுவரோரம் நின்றாய். "மெதுவாப் போகச் சொன்னேம்மா" என்றேன். காலை ஒடித்ததும் நான், பழியை உன் தலையில் வைத்ததும் நான். அதற்குப் பிறகு போனில் உன் பெயரைப் பார்த்தாலே கவிழ்த்து வைத்துவிடுவேன். ஸ்பீக்கரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஆதிக்கு எழுதிக் காலையிலேயே ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன். உனக்கு முதலில் எழுதினால் மனசு மாறிவிடுமோ என்று பயம். மூணாவது பிளக்கை இதோடு வைத்திருக்கிறேன். துடைத்தும் போகாத புள்ளி இரண்டு இருக்கிறது, பார்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

திலீபன்


பெண்ணாடம்,
4.8.2024

திலீபன்,

கடிதமும் பிளக்கும் வந்தன.

ஆதி வீட்டுக்கு வந்துவிட்டாள். மாற்றல் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். உன் கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டி அழுதாள். என் தலையைத் தடவிக்கொடுத்தாள். உன்னை அப்போதே மன்னித்துவிட்டாள். "அவரா எழுதினாரே, அதுக்கே ஒரு மனசு வேணுங்க" என்கிறாள்.

நானும் முயன்றேன். பெட்டியை மன்னிக்க முடிந்தது. பிளக்கைக்கூட மன்னிக்க முடிந்தது, நானும் செராமிக் படித்தவன்தானே, வெள்ளையைப் பார்த்து உன்னோடு சேர்ந்து சிரித்தவன்தானே. ஆனால் இரண்டு மாதம் ஷேவ் செய்யக் கண்ணாடி முன் நின்றபோதெல்லாம் பெண்டாட்டி காலை ஒடித்தவன் முகம் இது என்றுதான் பார்த்தேன். பதினேழு தடவையில் ஒரு தடவை நீ போனை எடுத்திருந்தால் போதும். உள்ளதைச் சொல் என்று கெஞ்சிக் கடிதம் எழுதினேன். அதற்கான பதிலிலும் நாலாயிரம் என்றுதானே எழுதினாய்?

ஆதி இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். ஆவணி முதல் ஞாயிறு உன்னைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்கிறாள். கூப்பிடுகிறேன். கட்டாயம் வா. உனக்குப் பிடிக்குமென்று நாட்டுக்கோழிக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். அவள் மனம் நோகாமல் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடு.

அன்று எனக்கு லீவுதான். ஆனாலும் அன்றைய பாய்லர் வேலைக்கு நானே பெயர் கொடுத்துவிட்டேன்.

இரா. சேரன்