பூட்டின வீட்டு மீட்டர்

தேங்காய்ப்பட்டணம்,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகன் சஃப்வானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சார்ஜாவில் நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லாமல் இந்த உம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். போனில் எப்படிச் சொல்வேன் மக்கா, நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், உன் மேல் கட்டிலில் படுத்திருப்பவன் உன் மச்சான் ரிஜ்வானின் தம்பி. அதனால்தான் நாளைக்கு விமானம் ஏறுகிற ரஹீமிடம் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருந்து வாசி, வாசித்ததும் கிழித்துவிடு.

உன் தங்கச்சி சுல்ஃபியா புருஷனோடு பிணங்கிக்கொண்டு கொல்லத்தில் என் மூத்த ராத்தா வீட்டில் இருக்கிறாள் என்று உனக்கும் சொன்னேன், ரிஜ்வானுக்கும் சொன்னேன். இரண்டும் பொய். நாலு மாதமாக அவளும் பிள்ளையும் நீ கட்டிப் பூட்டிப் போட்டிருக்கிற புது வீட்டில்தான் இருக்கிறார்கள். என் வீட்டில் வைத்திருந்தால் முன்பு இரண்டு தடவை வந்து இழுத்துக்கொண்டு போனது போல இழுத்துக்கொண்டு போயிருப்பான். குளிமுறியில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று கோட்டாற்றில் அவன் வீட்டில் இருந்து சொல்லி அனுப்பினார்களே, அவள் வழுக்கவும் இல்லை விழவும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவன் ஜும்ஆவுக்குப் போன நேரம் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடுத்த துணியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். அதற்கு முன்பே உன்னிடம் ஒரு தடவை வாயெடுத்தேன், நீதான் பொறுத்துப் போவச் சொல்லுங்க உம்மா, மச்சான் இல்லேன்னா நம்ம வீடே எழும்பியிருக்காது என்று சொன்னாய். அதற்குப் பிறகு உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

முன்வாசல் பூட்டு பூட்டினபடியே கிடந்தது, புழக்கமெல்லாம் பின்வாசல் வழியாகத்தான். ஒரு ஃபேன், ஒரு விளக்கு, அதற்கு மேல் போட விட மாட்டேன். ரெண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்குள் நின்றால் பில் வராதே, பில் வராவிட்டால் பூட்டின வீட்டைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று நானே எனக்குக் கெட்டிக்காரி ஆகியிருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் மண் விழுந்தது. போன சனிக்கிழமை பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புது ஸ்மார்ட் மீட்டர் வைக்க ஆள் வந்தார்கள். குமாரதாஸ் என்று ஒருவர், நல்ல மனுஷன். பூட்டிக் கெடக்க வீடுன்னு சொல்லுதிய, உள்ள ஃபேன் ஓடுது போலியே உம்மா என்று கேட்டார். காற்றோட்டத்துக்குப் போட்டேன் என்றேன். இனி கணக்கெடுக்க நாங்க வர வேண்டாம், அரைமணிக்கு அரைமணி எவ்வளவு ஓடுதுன்னு தானா போவும், இருந்த இடத்துல போன்ல பாத்துக்கிடலாம் என்றார். யார் போனில் என்று கேட்டேன். கையில் இருந்ததைப் பார்த்துக் கடைசி நாலு நம்பரை வாசித்தார். மக்கா, அது ரிஜ்வானின் நம்பர். நாலு மாதமாக அந்த நம்பர் என் போனில் வந்தால் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன், தெரியாமல் இருக்குமா. நம் ஊரில் கல்ஃப்காரன் வீடெல்லாம் மச்சான்மார் நின்று கட்டுகிறதுதானே, கரண்டுக்கு எழுதிக் கொடுத்தபோது உன் பேரைப் போட்டு அவன் நம்பரைக் கொடுத்தோம். அன்றைக்கு அது ஒரு தப்பாக யாருக்குத் தோன்றியது?

அவர்கள் போனதும் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தான். சித்திரை வெயில், ஜன்னல் திறக்க முடியாது, மோட்டார் போட முடியாது, கிணற்றில் கோரித்தான் தண்ணீர். பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஞாயிற்றுக்கிழமை அதற்குக் காய்ச்சலும் வந்து கண்ணைத் திறக்காமல் கிடந்தது. சுல்ஃபியா மனசு பொறுக்காமல் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒரே ஒரு மணி நேரம் ஃபேனைப் போட்டிருக்கிறாள். அவளை ஏசினேன், ஏசிவிட்டு நானும் அழுதேன். நேற்று உச்சைக்கு ரிஜ்வான் போனில் விளிக்கிறான். மாமி, சஃப்வான் வீட்ல நேத்து அசருக்கு மேல ஒரு மணிக்கூறு கரண்ட் ஓடியிருக்கே, ஆரு தொறந்தா என்று. குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயம். தூத்து வாரத் திறந்தேன் மருமவனே என்றேன். சனிக்கிழமையும் ஓடியிருக்கே என்றான். அன்றைக்கும் தூக்கத்தான் திறந்தேன் என்றேன். செரி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ கழிஞ்சு நானே வந்து பாக்கேன், எனக்க கையிலயும் ஒரு சாவி உண்டுமே என்று வைத்துவிட்டான்.

கொல்லத்துக்குக் கொண்டு போகலாம் என்றால் ராத்தா மகன் வேண்டாம் வம்பு என்கிறான். சுல்ஃபியா ஆரம்பத்திலேயே போலீசுக்குப் போவோம் என்றாள், ஜமாஅத்தில் பேர் கெடும் என்று நான்தான் தடுத்தேன். உன் வாப்பா மௌத்தாகி நான் தனியாளான பிறகு எதற்கெடுத்தாலும் ஊர் வாய்க்குப் பயந்தே பழகிவிட்டேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். இனி தடுக்க மாட்டேன். ஆனால் வீடு உன் பேரில் இருக்கிறது மக்கா. என் தங்கச்சி என் வீட்டில் இருக்கிறாள், நான்தான் இருக்கச் சொன்னேன், சாவியைப் பள்ளிவாசலில் கொண்டு கொடு என்று நீ உன் வாயால் அவனிடம் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கிழவி புலம்புகிறாள் என்பான், நீ சொன்னால் அவன் வாசற்படி மிதிக்க யோசிப்பான். மீட்டருக்குக் கொடுத்த போன் நம்பரை மாற்ற வீட்டுக்காரன் எழுதிக் கொடுத்தால் போதும் என்று குமாரதாஸ் சொன்னார், அதையும் எழுதி அனுப்பு, மறந்துவிடாதே.

உனக்கு வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது, கருவாட்டைக் கொஞ்சமாகத் தின்னு, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. உன்னையும் உன் பிழைப்பையும் படைத்தவன் காப்பாற்றட்டும், உன் கையில் பரக்கத் தரட்டும்.

இதை எழுதுவது சுல்ஃபியாவுக்குத் தெரியாது. காக்காவிடம், அதுதான் உன்னிடம், சொல்லட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். வேண்டாம் உம்மா, காக்கா அவருக்குத்தான் முதல்ல போன் போடும், எங்கள எங்கயாவது வேற எடத்துக்கு மாத்திருங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரிஜ்வானுக்கு அவள் பயப்படுவது எனக்குத் தெரியும். உனக்கும் பயப்படுகிறாள் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

இப்படிக்கு,
உன் உம்மா
ஜுபைதா பீவி