பீலித் திறப்பு விழா

கல்கந்தைத் தோட்டம், கீழ்க்கணக்கு,
ஓப்பநாயக்க.
12.11.1979

அன்புத் தம்பி முத்துவுக்கு,

அக்கா எழுதுவது. குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கினாயா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். அதற்குப் பதிலே இல்லை. வாங்கியிருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் சுகம். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் இன்னும் நான் ஒருத்திதான்.

போன ஞாயிறு நம் தோட்டத்துக்கு மந்திரி வந்தார். கீழ்க்கணக்கில் நம் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக உன் மச்சான் எழுதிப்போட்ட மனுக்கள் உனக்குத் தெரியும். பள்ளத்துப் பாறையில் ஊற்றுத் தண்ணீர் வழியும் அந்தப் பீலிதான் நமக்கு இன்னும் கதி. திடீரென்று ஆட்கள் வந்தார்கள், லயத்து முன்னால் ஒரு சிமெந்துத் தூண் கட்டினார்கள், பித்தளைக் குழாய்வாய் ஒன்றைப் பொருத்தினார்கள். "தண்ணி வர்ற பைப்பு எங்கீங்க?" என்று உன் மச்சான் கேட்டார். கடைவீதியில் மந்திரியின் கையாளாக இருக்கும் சுமணபால மாத்தயா, "ஏக்க பஸ்ஸே, தலைவர்" என்றாராம். அது பிறகாம். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக்காரர் வருகிறார், அதுதான் முதலாம்.

ஆகவே தூணுக்குப் பின்னால் மேட்டில் ஒரு பீப்பாய்த் தண்ணீர் வைத்து, ரப்பர்க் குழாய் இழுத்து, மானாப்புல்லுக்குள் உன் மச்சானையே படுக்கவைத்தார்கள். கை தட்டும் சத்தம் கேட்டதும் பீப்பாயைச் சரிக்க வேண்டும். மந்திரி காரிலிருந்து இறங்கியதுமே சனங்கள் கை தட்டிவிட்டார்கள். உன் மச்சான் சரித்துவிட்டார். மாலை கழுத்தில் விழுவதற்குள் தண்ணீர் எல்லாம் ஓடி முடிந்தது.

அடுத்தது ரிப்பன். கொண்டுவர மறந்துவிட்டார்கள். கருப்பாயியின் மகள் இந்திராணி வரவேற்புப் பாட்டுக்காகச் சடையில் சிவப்பு ரிப்பன் கட்டி நின்றாள். அதை அவிழ்த்து இரண்டு பேர் பிடிக்க, மந்திரி வெட்டினார். பிள்ளை 'ஓ'வென்று அழுதாள். பிறகு குழாயைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று வந்தது. மனுஷர் கொஞ்சமும் அசரவில்லை. கையைக் குவித்துப் பிடித்தார், வாயில் வைத்து உறிஞ்சினார், துடைத்துக்கொண்டார். "ஹரி ரசய்" என்றார். நல்ல ருசியாம். படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் கார் வளைவில் மறையும்வரை அடக்கிக்கொண்டிருந்தோம். அப்புறம் உன் மச்சான் புல்லுக்குள்ளிருந்து எழுந்து வந்ததைப் பார்த்து மொத்த லயமும் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனோம்.

சட்டை விஷயம் எழுது.

உன் அன்பு அக்கா,
மீனாம்பாள்

*

லண்டன்
3.2.1980

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

முத்து எழுதுகிறேன். சட்டை வாங்கிவிட்டேன், சாம்பல் நிறம். உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் பிரித்தது பிழை. மந்திரி காற்றைக் குடித்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தாள்.

தொலைக்காட்சி நிறுவனத்தில் நான் தட்டச்சு செய்வது எல்லாம் பிறர் எழுதிய நகைச்சுவை நாடகங்கள்தான் என்று எழுதியிருந்தேன் அல்லவா? தேநீர் நேரத்தில் அந்த எழுத்தாளர்களிடம் நம் தோட்டத்துத் திறப்பு விழாவை ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டினேன். ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இதை எழுதிக்கொடு" என்றார். ஒரு வாரம் தூங்காமல் எழுதினேன். வாங்கிக்கொண்டார்கள், அக்கா. தோட்டத்துப் பழைய வெள்ளைக்காரத் தொரை புண்ணியத்தில் தட்டச்சுக்காரனாக வந்தவன் நான். என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள்.

பெயர் தெரியாத ஒரு தீவு. எதையாவது திறந்துவைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒரு மந்திரி. தொடரின் பெயர் 'ரிப்பனை வெட்டுங்கள்'. யாருடைய பெயரும் வராது, பயப்படாதீர்கள். உங்களிடம் வேறு கதைகள் இருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்ல வராது.

மச்சானுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புத் தம்பி,
அழகமுத்து

*

கல்கந்தைத் தோட்டம்
20.3.1981

அன்புத் தம்பி முத்துவுக்கு,

நான் அனுப்பிய கதைகள் எல்லாம் உதவின என்று எழுதியிருந்தாய். எனக்கும் ஒரு வேடிக்கை பிடித்துவிட்டது. எங்கே என்ன நடந்தாலும் இதை முத்துவுக்கு எப்படி எழுதுவது என்றுதான் மனசு போகிறது. சோற்றைக் கூட ஒருநாள் அடிப்பிடிக்க விட்டேன்.

இன்றைக்கு எழுதுவது சிரிப்புக் கதை இல்லை. தண்ணீர் வந்துவிட்டது, முத்து. மேலே சிங்களக் கொலனியில் கட்டிய தண்ணீர்த் தாங்கியிலிருந்து உண்மையான குழாய் பதித்துவிட்டார்கள். தேர்தல் வருவதும் ஒரு காரணம்தான். ஆனாலும் உன் மச்சான் வாராவாரம் சுமணபால மாத்தயாவின் கடைவாசலில் போய் நின்றிருக்காவிட்டால் வந்திராது. மந்திரி மறுபடியும் வந்து திறந்தார். இந்த முறை நனைந்தார். கருப்பாயி குழாய்க்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

காலையில் வாசலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டு எழும்புவது எப்படி இருக்கும் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அந்த மனுஷரைப் பார்த்து அவ்வளவு சிரித்திருக்க வேண்டாமோ என்றும் தோன்றுகிறது.

உன் அன்பு அக்கா,
மீனாம்பாள்

*

லண்டன்
18.10.1981

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தண்ணீர் வந்த செய்திக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். மூச்சுவிட நேரமில்லை.

தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. மந்திரியாக நடிப்பவர் வெள்ளைக்காரர்தான். முகத்தில் மை பூசிக்கொள்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நான் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்? 'ஹரி ரசய்' என்பதை மாற்றாமல் அப்படியே வைத்தேன். இங்கே அதற்கு அர்த்தம் யாருக்கும் தெரியாது. வாய்க்கு வேடிக்கையாக இருக்கிறதாம். என் தெருப் பிள்ளைகள் வெறும் கோப்பையை வாயில் கவிழ்த்து 'ஹரி ரசய்' என்று கத்துகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. பல நாடுகள் இதை வாங்கிவிட்டன. ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுத் தூதரகம், எங்கள் மந்திரியை எப்படிக் கேலி செய்யலாம் என்று புகார் எழுதியது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஒருவர், எங்கள் மந்திரியை இவ்வளவு அச்சாகப் பிடித்தது எப்படி என்று பாராட்டி எழுதினார். போன மாதம் ஒரு விருது தந்தார்கள். இதெல்லாம் எங்கிருந்து கிடைக்கிறது என்று மேடையில் கேட்டார்கள். கற்பனை என்று சொல்லிவிட்டேன். உங்கள் நன்மைக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

நாடு முழுவதும் தெரியும்படி கொழும்பில் புதுத் தொலைக்காட்சி நிலையம் வரப்போகிறதாம். அவர்களும் வாங்கினால் நீங்களே பார்க்கலாம்.

தங்கள் அன்புத் தம்பி,
அழகமுத்து

*

கல்கந்தைத் தோட்டம்
5.9.1982

அன்புத் தம்பி முத்துவுக்கு,

பார்த்துவிட்டேன். கடைவீதியில் மீராசாஹிப் தன் துணிக்கடையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கிறார். கதவுப் பலகையை எடுத்துவிட்டால் ரோட்டில் நின்றே பார்க்கலாம். லண்டன் நாடகம் என்றதும் நல்ல கூட்டம். நம் சனங்கள், கொலனிச் சனங்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லாரும் இருந்தார்கள். கீழே சிங்கள எழுத்து ஓடியது. நான் முன்வரிசையில் நின்றேன். என் தம்பி எழுதியது என்று பெருமையாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியும் வைத்தேன்.

பீப்பாய் வந்தது, ரிப்பன் வந்தது. நீ அந்தப் பிள்ளையின் சடையையே வெட்டவைத்துவிட்டாய். மந்திரி கையைக் குவித்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் சிரித்துவிட்டேன், முத்து. அத்தனை பேரில் நான் மட்டும். அப்புறம்தான் அந்த ஆள் 'ஹரி ரசய்' என்றான். உடனே ஓப்பநாயக்க கடைவீதியே அதிரும்படி சிரித்தார்கள். எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிட்டது. சுமணபால மாத்தயா எதிர்க்கடைப் படியில் நின்றிருந்தார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. மேட்டில் படுத்திருப்பவனை நீ குடிகாரனாக ஆக்கியிருக்கிறாய். பீப்பாயோடு உருண்டு சேற்றில் விழுகிறான், வேட்டி அவிழ்ந்து ஓடுகிறான். மந்திரிக்குச் சிரித்ததைவிட அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். உன் மச்சான் என் பின்னால் நின்றிருந்தார். லயத்துக்கு வந்துதான் கேட்டார்.

"ஏன் மீனா, நான் குடிச்சிருந்தேன்னு நீ எழுதுனியா?"

"இல்லீங்க. சத்தியமா இல்ல."

"அப்ப முத்துதான் என்னைய அப்படி நெனச்சிருக்கான்."

அவர் வாயில் ஒரு சொட்டுச் சாராயம் பட்டதில்லை என்று உனக்குத் தெரியும். உன்னைத் தோளில் வைத்துப் பலாங்கொடைத் தேர் பார்க்கக் கூட்டிப்போனவர் அவர்.

கடைசியில் பெயர்கள் ஓடின. உன் பெயரைப் பார்த்தேன். சந்தோஷம்தான்.

அக்கா,
மீனாம்பாள்

*

கல்கந்தைத் தோட்டம்
14.11.1982

தம்பி முத்துவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் எழுதவேண்டி வந்துவிட்டது.

அந்த நாடகம் பிறகு வரவில்லை. அடுத்த வாரம் அந்த நேரத்தில் யானைகளைப் பற்றிய படம் காட்டினார்கள் என்று மீராசாஹிப் சொன்னார். போன மாதம் ஆட்கள் வந்து நம் குழாயைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். தாங்கியிலிருந்து லயத்து வாசல் வரைக்கும் முழுவதும். உன் மச்சான் சுமணபால மாத்தயாவிடம் போய்க் கெஞ்சினார். நானும் கூடப் போனேன்.

"கந்தையா, நான் ஒனக்கு விரோதி இல்ல" என்றார் அவர். "பைப் போடச் சொல்லி ஐயாகிட்ட ஒனக்காகப் பேசுனது யாரு? நான்தானே? இப்ப கொழும்புல பெரியவங்க எல்லாம் ஐயாவைக் கண்டா வெறும் கிளாஸைத் தூக்கிக் காட்றாங்களாம். டீச்சரோட மல்லி, அந்தத் தம்பி எழுதினதுன்னு ஊருக்கே தெரியும். நான் என்ன பண்ண?"

கொலனிப் பெண்கள் இரண்டு நாள் தங்கள் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம் அவர்களுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள் போல, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மறுபடியும் பீலிதான். மழையில் வழுக்கி, நிறைகுடத்தோடு கருப்பாயி பாறையில் விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு. பலாங்கொடை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இனிக் கொழுந்துக்கூடை சுமக்க முடியாதாம். பார்க்கப் போனேன். "ஒங்க தம்பி நல்லா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் திரும்பி நடந்து வந்திருப்பேன். உட்கார்ந்தே இருந்தேன்.

உன் மச்சான் தலைவர் பொறுப்பை விட்டுவிட்டார். எனக்குக் கலவான பக்கம் மாற்றம் வந்திருக்கிறது. அவர் இங்கே, நான் அங்கே.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. அவ்வளவையும் ருசியாக எழுதி அனுப்பியது என் கைதான்.

மீனாம்பாள்

*

லண்டன்
9.12.1982

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கு நான் மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். மச்சான் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்தக் குடிகாரன் என் யோசனை இல்லை. அந்த இடத்தில் இன்னொரு சிரிப்பு வேண்டும் என்று இவர்கள் சொன்னார்கள். நான் மறுத்திருக்கலாம். அந்த அறையில் இருந்த நாற்காலியை விட எனக்கு மனம் வரவில்லை. மச்சானிடம் எனக்காக மன்னிப்புக் கேளுங்கள். கருப்பாயி அக்காவை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா, நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். நிறுவனத்தில் இரண்டாவது தொடர் கேட்கிறார்கள். குழாயைப் பிடுங்கியதையே எழுதினால் என்ன? உலகம் முழுக்கப் பார்த்துச் சிரித்தால் அந்த மனுஷர் வெட்கப்பட்டாவது திரும்பப் பதிப்பார். இந்த முறை குடிகாரன் யாரும் இருக்கமாட்டான், நான் பொறுப்பு. உங்கள் பெயரையும் போடச் சொல்கிறேன், நீங்கள் சரி என்றால்.

அதற்குச் சில விவரங்கள் வேண்டும். தோண்ட வந்தவர்கள் எப்படி வந்தார்கள், லொறியிலா? உத்தரவைக் காட்டினார்களா? குழியை மூடினார்களா, அப்படியே விட்டார்களா? 'வெறும் கிளாஸைத் தூக்கிக் காட்றாங்க' என்று சுமணபால சொன்னது மிக நன்றாக இருக்கிறது. வேறு என்ன சொன்னார்? கருப்பாயி அக்கா பேசியதையும் அவர் பேசியபடியே எழுதுங்கள். ஜனவரிக்குள் கிடைத்தால் நல்லது.

தங்கள் அன்புத் தம்பி,
அழகமுத்து

*

கலவான
30.1.1983

தம்பி அழகமுத்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். உன் மச்சானும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இங்கே மழை பெய்கிறது. பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். உடன் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நல்லவர்கள். அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கிறது. தங்கியிருக்கும் வீட்டிலும் குறை ஒன்றும் இல்லை.

தோட்டத்தில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

எழுதுவதற்கு வேறு விசேஷம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
மீனாம்பாள் கந்தையா