டிரம் விழுங்கிய வார்த்தை

எடிசன், 15 மார்ச் 1999

அன்புள்ள செலின்,

உன் பல்வலி குறைந்ததா? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர்மேல் எனக்கிருக்கும் கோபத்தைச் சொல்லாதே. எனக்குக் கொஞ்சம் சளி, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அல்போன்ஸ் அண்ணன் வீட்டில் விருந்து. ரேடியோவில் நம் பாட்டு வந்தது. வெளிவந்து பதினேழு வருஷமாகியும் இங்கே தினமும் போடுகிறார்கள். சிந்தசைசர் தொடங்கியதும் தொப்பை வைத்த அங்கிள்கள்கூட எழுந்து ஆடினார்கள். நானும் குரலெடுத்து "வெயிட் ஃபார் மீ" என்று பாடினேன். அண்ணன் மகள் ரெனிஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அங்கிள், இட்ஸ் 'டோன்ட் வெயிட் ஃபார் மீ'! இது பிரேக்கப் சாங்!"

நானும் சிரித்து வைத்தேன். கல்லூரி நாளில் நாகர்கோவில் கடையில் நான் பதிவு செய்து வாங்கிய கேசட்டில், டிரம் சத்தம் அந்த 'டோன்ட்'டை விழுங்கியிருக்கிறது. கல்யாணமான புதிதில் அதைத்தானே தேயத் தேயக் கேட்டோம்?

கிரீன் கார்டு வந்த பிறகுதான் கல்யாணம் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். அதுதான் தப்பாம்; முன்பே கட்டியிருந்தால் நீயும் கூடவே வந்திருக்கலாமாம். வேலை விசாவில் வந்தவனெல்லாம் மனைவியை இரண்டே மாதத்தில் கூட்டி வந்துவிடுகிறான். கிரீன் கார்டுக்காரன் மனைவி வரிசையில் நிற்க வேண்டும். மூன்று வருஷம் போய்விட்டது. இன்னும் இரண்டு என்கிறார் வக்கீல்.

அடுத்த மாதம் வரும் ஸ்டான்லியிடம் மீன் மசாலாவும் அந்தக் கேசட்டும் கொடுத்துவிடு. இங்கே கடையில் அந்தப் பாட்டு தெளிவாகவே கிடைக்கிறது. எனக்கு அந்தத் தெளிவு வேண்டாம்.

தபால் பெட்டியைத் திறக்க ஆள் வந்துவிட்டான். முடிக்கிறேன்.

உன்
ஆட்ரியன்