புடவைத் துணியில் ஒரு வலை

சார்,

இன்று காலை அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது அந்த வலை கையில் தட்டுப்பட்டது. மாவுச் சல்லடையின் தகர வளையம், அதில் சுற்றித் தைத்த உங்கள் வீட்டம்மாவின் பழைய நைலக்ஸ் புடவை, அடியில் கட்டிய மருந்து பாட்டில். எத்தனை முறை அலசினாலும் ஏரிச் சேற்றின் வாடை அதை விட்டுப் போவதில்லை. என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதை நகர்த்துவார். நான் முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். நீங்கள் போய் ஒரு மாதமாகிறது. அன்றைக்கு உள்ளே வைத்தவள் இன்றுதான் மறுபடி தொடுகிறேன். அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முடிவை முதலிலேயே உடைத்துவிட்டால் பாடம் படுத்துவிடும் என்று சொன்னவர் நீங்கள்தானே.

எங்கள் குப்பத்துப் பள்ளிக்கு நீங்கள் வந்தபோது உங்களைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எளாவூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரர். படகில் ஏறினால் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வீர்கள். கிழங்கானுக்கும் மடவைக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த மனுஷனா நமக்கு அறிவியல் சொல்லித் தரப்போகிறார் என்று நாங்கள் கிசுகிசுத்தோம். வெட்கமே இல்லாமல் எங்களிடமே கேட்டுக் கேட்டு மீன் பெயர்களைக் கற்றுக்கொண்டீர்கள். ஒரு வருஷம் கழித்தும் தப்பாகத்தான் சொன்னீர்கள் என்பது வேறு விஷயம்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம், நுண்ணுயிர் பாடம் வந்தது. பள்ளிக்குப் பின்னால் ஏரியை வைத்துக்கொண்டு புத்தகத்தில் படம் பார்ப்பானேன் என்று சொல்லி இந்த வலையைச் செய்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நைனாவிடம் படகு கேட்டீர்கள். நைனா எங்களை ஏற்றிக்கொண்டு முகத்துவாரப் பக்கம் போனார். நீங்கள் வலையை இறக்கி இழுத்தீர்கள். பாட்டிலில் வந்ததைப் பார்த்தால் வெறும் தண்ணீர். கரைக்கு வந்து, பள்ளியிலிருந்த ஒரே மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினீர்கள். கண்ணாடிபோல ஒரு பூச்சி, இரண்டு கறுப்புக் கண்ணோடு துடித்தது. அது இறால் குஞ்சு என்றீர்கள். என் அம்மா இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவித் தடவிப் பிடிக்கிற இறால் இப்படித்தான் தொடங்குகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, சார்.

சாயங்காலம் எதிர்க்கரைக் குப்பத்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

எங்கள் ஏரியில் இறால் ஓடுகிற இடத்தில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை போட முடியாது. அதற்குப் பாடு உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு, இந்த இடம் இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை வைப்பார்கள். அடுத்தவன் பாடு உள்ள இடத்தில் வலையை நனைத்தவன் ஊரை எதிர்த்தவன். அன்றைக்கு அந்த இடம் எதிர்க்கரைக்காரர்களுடையது. உங்களுக்குப் பாடு என்ற சொல்லே தெரியாது. எங்களுக்கும் நைனாவுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் சார் ஏதோ புடவைத் துணியை நனைக்கிறார் என்று இருந்துவிட்டோமே தவிர, அது வலை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

யாருடைய படகோ, அவருடைய அடுத்த பாடு வெட்டு. அதுதான் கட்டுப்பாடு. இறால் காலத்தில் பாடு போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நைனா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “பாடு போச்சின்னா இவ ஸ்கூலும் போச்சி. அவ அத்தகூட இறால் கம்பெனிக்குப் போவட்டும்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் வலை பின்னுகிற கொட்டகையில் இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் கூடினார்கள். போகிற வழியில் நைனா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, வெறும் துணி என்று சொல்லிவிடுங்கள், விட்டுவிடுவார்கள் என்று கெஞ்சியதைப் பின்னாலேயே வந்த நான் கேட்டேன். எதிர்க்கரைத் தலைவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. தகர வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வலயா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க சார்.”

நீங்கள் நைனாவைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். “வலதான்,” என்றீர்கள். “இறால் குஞ்சு மாட்டிச்சி. கண்ணுக்குத் தெரியாததால இல்லன்னு ஆயிடாது.”

அந்த நிமிஷம் உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவார் இந்த மனுஷன் என்று பல்லைக் கடித்தேன். அங்கே போய்க்கொண்டிருந்தது என் படிப்பு.

ஆனால் நீங்கள் அதோடு நிறுத்தவில்லை. படகு கேட்டது நான், வலை என்னுடையது, வெட்டுவதென்றால் என் பாட்டை வெட்டுங்கள் என்றீர்கள். கொட்டகையே சிரித்தது. வாத்தியாருக்கு ஏது பாடு என்று ஒருவர் கேட்டார். பள்ளி விட்ட பிறகு சாயங்காலம் முழுக்க என்னுடையது, என்னிடம் இருப்பது அதுதான், அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. பெரியவர்கள் தனியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். நைனாவின் பாடு தப்பியது. அடுத்த குலுக்கல் வரைக்கும் நீங்கள் சாயங்காலந்தோறும் எதிர்க்கரைக்குப் போய் அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. உங்களுக்குத் தண்டனை கொடுத்துவிட்டு அவர்களே உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

அப்படித் தொடங்கியதுதான் உங்கள் மாலை வகுப்பு. தினமும் நைனாதான் உங்களை அக்கரைக்கு அழைத்துப் போவார். கூடவே நானும் ஒட்டிக்கொள்வேன். விளிம்பைப் பிடிப்பதை நீங்கள் எப்போது விட்டீர்கள் என்று எனக்கு ஞாபகமில்லை, ஒருநாள் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பிள்ளைகள் முன்னால், அவர்களுக்குப் பின்னால் வலையைப் பின்னிக்கொண்டே அப்பன்மார்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்க அவர்களும் வரிசையில் நின்றார்கள். குலுக்கல் வந்தது, தண்டனை முடிந்தது. மறுநாளும் போய் நின்றீர்கள். தலைவர் திகைத்துப்போய், “முடிஞ்சிச்சே சார்,” என்றார்.

“ஒளிப் பாடம் பாதில நிக்குதே. அத வுட்டுட்டு எப்பிடிப் போறது?”

அந்தப் பாதிப் பாடம் நீங்கள் ஓய்வு பெறும்வரை முடியவே இல்லை.

என்னைப் படிக்க வைக்கச் சொல்லி நீங்கள் நைனாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவேண்டிய தேவையும் வரவில்லை. தினமும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்ட மனுஷன், பத்தாவது முடிந்ததும் தானே சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் பொன்னேரிக்கு அழைத்துப்போய் சயின்ஸ் குரூப்பில் சேர்த்தார். அன்று நீங்கள் இந்த வலையை என்னிடம் கொடுத்தீர்கள். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. தெரிஞ்சா மறைக்காத,” என்றீர்கள். அதை நீங்கள் கொட்டகையில் செய்தே காட்டியிருந்ததால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது என் வேலையே அந்த ஏரித் தண்ணீரைப் பரிசோதிப்பதுதான். ஆபீஸ் வலை நல்ல வலை, விலை உயர்ந்தது. இருந்தாலும் ஏரிக்குப் போகும்போது உங்கள் வலையும் என் பையில் இருக்கும், தண்ணீரில் முதல் முக்கு அதில்தான். படகில் கால் வைக்கும் முன் யார் பாடு என்று கேட்டு, அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

போன மாதம் அப்படித்தான் காலையில் எதிர்க்கரைக்குப் போய் நின்றேன். நல்ல இறால் காலம். ஆனால் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. உங்களிடம் ஒளிப் பாடம் படித்த தம்பிதான் வழக்கமாக எனக்குப் படகு ஓட்டுவான். யார் பாடு என்று அவனைக் கேட்டேன்.

“எங்க பாடுதாங்க்கா. யாரும் எறங்கல.” அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “சாரு விடியக்காலைல போயிட்டாருன்னு சேதி வந்திச்சி. நம்மாளு செத்தன்னிக்கு எப்பிடிக்கா வல போடறது?”

எளாவூருக்குப் போக வேன் வந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னான். நான் பையைத் திறந்தபடி அப்படியே நின்றேன். ஆபீஸில் அன்றைக்குப் பரிசோதனைக்கான தண்ணீர் மாதிரியைக் கேட்டிருந்தார்கள். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரே முக்கு, யாரும் என்னைத் தடுத்திருக்கமாட்டார்கள். வெறும் துணிதானே அக்கா என்று அந்தத் தம்பியே சொல்லியிருப்பான்.

வலைதான், சார். நான் இறக்கவில்லை.